காதில் விழாத கச்சேரி

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் என்ற நால்வர் இசைக்குழு பாடியபோது 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பேஸ்பால் ஆடும் இடம் அது. நடுவில் மேடை, சுற்றிலும் வெறும் புல்தரை, அதற்கப்பால்தான் கூட்டம். கிதார்களுக்கென்று வாக்ஸ் நிறுவனம் தந்த 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. குரல்களோ, ஆட்டத்தின்போது அறிவிப்புச் சொல்லும் ஒலிபெருக்கிகள் வழியாகப் போயின. பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்க மேடையில் ஸ்பீக்கர் வைக்கும் வழக்கம் அப்போது வந்திருக்கவில்லை. கூட்டத்தின் அலறலில் எதுவும் காதில் விழாததால், அந்த ஆண்டுகளில் குழுவின் டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார், முன்னால் நிற்பவர்களின் தலையும் இடுப்பும் அசைவதைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று பிடித்துக்கொள்வாராம். ஏறக்குறைய அரை மணி நேரம், 12 பாட்டு, அவ்வளவுதான்.

இசை நிகழ்ச்சி என்ற கணக்கில் இது படுதோல்வி. ஆனால் அன்று சிறுமிகளாக இருந்து, இன்று எழுபதைத் தாண்டிவிட்ட பெண்கள் இப்படிப்பட்ட கச்சேரிகளைப் பற்றிப் பேசுவதைக் கேளுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். காசு வீணாயிற்றே என்ற தொனி துளியும் இராது. ஏன்?

பாட்டுக் கேட்க வந்தவர்கள் அல்லவே அவர்கள். பாட்டு வீட்டிலேயே, தேயத் தேயப் போட்ட இசைத்தட்டில் இருந்தது. அட்டைப்படத்தில் பார்த்த முகங்கள் நிஜமாகவே மூச்சுவிட்டுக்கொண்டு உலகத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வந்தார்கள். திருப்பதியில் மணிக்கணக்காக நின்றவருக்குச் சன்னதியில் கிடைப்பது சில நொடிகள். அவர் குறைபட்டுக்கொண்டா மலையிறங்குகிறார்?

இது பாதி விடைதான். மீதி, அந்த அலறலில் இருக்கிறது. வீட்டிலும் பள்ளியிலும் தேவாலயத்திலும் குரலைத் தாழ்த்து என்றே கேட்டு வளர்ந்த பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு, தொண்டை கிழியக் கத்தினாலும் யாரும் அடக்க முடியாத ஓர் இடம் கிடைத்தது. ஷே மைதானத்துப் படச்சுருளில் போலீஸ்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். பத்திரிகைகள் அதைப் பித்து என்றன. எனக்கென்னவோ, அன்றைய கச்சேரியை நடத்தியதே அந்தப் பெண்கள்தான் என்று தோன்றுகிறது. அத்தனை ஆண்டுகள் கழித்தும் அவர்கள் காதில் ஒலிப்பது குழுவில் பாடிய ஜான் லெனனின் குரல் அல்ல, தங்கள் குரல்.

இதற்கு எதிர்முனை, பீட்டில்ஸின் சொந்த ஊரான லிவர்பூலின் மேத்யூ தெருவில் இருந்த கேவர்ன் கிளப். கிடங்கின் அடியில் காற்றோட்டமில்லாத செங்கல் நிலவறை, சுவரில் வியர்வை வழியும். 1961 முதல் 1963 வரை பீட்டில்ஸ் அங்கே 300-க்குச் சற்றுக் குறைவான முறை வாசித்தார்கள். மதிய இடைவேளையில் பக்கத்து அலுவலகங்களிலிருந்து பெண்கள் வந்து கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். வேண்டிய பாட்டைக் கேட்டு வாங்கலாம். மேடையிலிருந்து பதிலுக்குக் கிண்டலும் வரும். எனக்கு ஒரே ஒரு டிக்கெட் தருவதாக யாராவது சொன்னால் இங்கேதான் கேட்பேன். ஆனால் பாட்டை முழுசாகக் கேட்ட அந்த ரசிகர்களின் நினைவில்தான் ஒரு மனத்தாங்கல் கலந்திருக்கிறது: நம் பையன்களை உலகம் கொண்டுபோய்விட்டதே என்று. ஷே மைதானத்துக்காரர்களுக்கு அந்தக் குறை இல்லை. அவர்களுடையதாக இருந்து பறிபோனது எதுவும் இல்லை.

மேடையில் நின்ற நால்வருக்கோ இந்த மைதானக் கச்சேரிகள் சலித்தே போயின. தங்கள் வாசிப்பு மோசமாகிக்கொண்டே போவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தவர்களுக்கு வெறுத்துப்போன அதே அரை மணி நேரம், வாங்கிக்கொண்டவர்களுக்கு ஆயுளுக்கும் போதுமானதாக இருந்தது. எவ்வளவு நன்றாகக் கொடுத்தோம் என்பது கொடுத்தவரின் கவலை. வாங்கியவரின் நிறைவு அதைக் கேட்டு வருவதில்லை.

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் கடைசியாகக் கட்டணக் கச்சேரி ஒன்று செய்துவிட்டு ஊர் ஊராகப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். அதைக் கேசட்டில் பதிந்துவைக்கும்படி தங்கள் பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோவிடம் பால் மக்கார்ட்னி சொல்லியிருந்தார். கடைசிப் பாட்டின் நடுவே நாடா தீர்ந்துவிட்டது. மிச்சப் பாட்டு எப்படிப் போயிற்று என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டும் பயனில்லை, அவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.