சிங்கமும் யானையும்: தலைமை என்பது யாது?

விலங்குகளுள் தலைமை சான்றது எது என்று எந்தப் பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும், சற்றும் தயங்காமல் "சிங்கம்" என்றே விடை கூறுவான். ஏன் என்று மறுபடியும் கேட்டால், "அதைக் கண்டு எல்லா விலங்குகளும் அஞ்சும்" என்பான். விடையைவிட அவன் கூறும் காரணமே நம் சிந்தனைக்கு உரியது. அஞ்சச் செய்வதே தலைமை என்னும் கருத்து அவன் உள்ளத்தில் எப்படிக் குடிபுகுந்தது? நாம் கூறிய கதைகளின் வழியாகவும், நாம் நடந்து காட்டிய முறைகளின் வழியாகவும் அன்றோ? ஆகவே, சிங்கம் பெரிதா, யானை பெரிதா என்னும் இந்தச் சிறுபிள்ளைக் கேள்வியைப் பெரியவர்களாகிய நாம் ஒருமுறை ஆராய்ந்து பார்ப்பது நலம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் புதிதாக எழும் இல்லங்களின் வாயில் தூண்களில் சுதையால் செய்த சிங்கங்கள் அமர்ந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அந்நியரை அச்சுறுத்துவதற்காக அவை வைக்கப்படுகின்றன. அதே இல்லத்தின் உள்ளே சென்றால், கூடத்து மேசைமீது துதிக்கை உயர்த்திய யானை நிற்கும். வாயிலில் அச்சத்தையும் உள்ளே மங்கலத்தையும் வைக்கும் இந்தப் பழக்கம், இரு விலங்குகளையும் பற்றி நம் மக்கள் கொண்டுள்ள கருத்தைத் தெளிவாகவே காட்டுகிறது.

நம் ஆலயங்களிலும் இவ்விரண்டும் உண்டு. இரண்டாம் தீர்த்தங்கரர் அஜிதநாதரின் இலாஞ்சனம் யானை. இருபத்து நான்காம் தீர்த்தங்கரர் மகாவீரரின் இலாஞ்சனம் சிங்கம். தீர்த்தங்கரரின் அன்னையர் காணும் பதினாறு கனவுகளில் முதலில் வருவது வெள்ளை யானை. மூன்றாவதாக வருவது சிங்கம். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தும் நோக்கம் நம் முன்னோர்க்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இயற்கையில் இவ்விரண்டும் எதிரெதிரே நின்றால் என்ன நிகழும்? நம் நாட்டில் இதனைக் காண இயலாது. இந்தியச் சிங்கங்கள் குஜராத்தின் கிர் காட்டிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் மட்டுமே வாழ்கின்றன. 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவை 891. தமிழகக் காடுகளில் அதே ஆண்டில் கணக்கிடப்பட்ட யானைகள் 3,170. கிர் காட்டில் யானை இல்லை. நம் மலைகளில் சிங்கம் இல்லை. இரண்டும் ஒரே நீர்நிலையில் நீர் அருந்தும் இடம் ஆப்பிரிக்கப் புல்வெளிகளே.

அங்கு ஆண் சிங்கத்தின் எடை ஏறத்தாழ 190 கிலோ. வளர்ந்த ஆண் யானையோ 6 டன் வரை இருக்கும். முப்பது சிங்கங்களைச் சேர்த்து நிறுத்தினால்தான் ஒரு யானைக்கு ஈடாகும். யானைக் கூட்டம் நீர்த்துறைக்கு வந்தால் சிங்கங்கள் எழுந்து விலகி வழிவிடுகின்றன. ஆனால் இதற்கு விலக்கும் உண்டு. போட்ஸ்வானா நாட்டின் சவூட்டி என்னும் பகுதியில், முப்பது சிங்கங்கள் வரை கொண்ட ஒரு பெருங்கூட்டம், வறண்ட மாதங்களின் இரவுகளில் யானைகளை வேட்டையாடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். வீழ்ந்தவற்றுள் மிகுதி, கூட்டத்தைவிட்டுச் சற்றே விலகிய இளம் யானைகள். இருளும், பசியும், எண்ணிக்கையும் சேர்ந்தால் சிங்கம் வெல்லும். பகலும், ஒற்றுமையும், முதிர்ச்சியும் சேர்ந்தால் யானை வெல்லும். ஆக, உடல் வலிமையை மட்டும் கொண்டு தலைமையை முடிவு செய்ய வழியில்லை.

அந்நிலத்தில் இவை ஆற்றும் பணியைப் பார்ப்போம். சிங்கம் நாளில் இருபது மணி நேரம் வரை ஓய்வு கொள்கிறது. எஞ்சிய பொழுதில் அது வேட்டையாடுவதால் மேயும் விலங்குகள் ஓரிடத்திலேயே நில்லாமல் பரவி மேய்கின்றன. அவற்றின் பெருக்கமும் ஓரளவு மட்டுப்படுகிறது. எனவே சிங்கத்தைப் பயனற்ற கொலையாளி என்று இகழ்வது தகாது. யானையோ நாள்தோறும் சுமார் 150 கிலோ தழையும் புல்லும் உண்கிறது. மரங்களைச் சாய்த்துப் புல்வெளியைத் திறந்து வைக்கிறது. வறண்ட ஆற்று மணலைக் காலாலும் துதிக்கையாலும் தோண்டி ஊற்று எடுக்கிறது. அது அகன்ற பின் அந்த ஊற்றில் மானும் பறவையும் நீர் அருந்துகின்றன. உண்ட பழங்களின் விதைகளைப் பல கிலோமீட்டர் தொலைவுக்குக் கொண்டு சென்று சாணத்தோடு இடுகிறது. சிங்கம் தான் வாழும் நிலத்தில் பிறவற்றை அடக்குகிறது. யானை பிறவற்றுக்கு இடம் உண்டாக்குகிறது.

யானைக் கூட்டத்தை நடத்துவது ஒரு மூத்த பெண் யானை என்பதை அறிவோம். கென்யா நாட்டின் அம்போசெலிப் பகுதியில் நிகழ்ந்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. ஆய்வாளர்கள் சிங்கத்தின் கர்ச்சனையைப் பதிவு செய்து, யானைக் கூட்டங்களுக்கு அருகே ஒலிபரப்பினர். ஆண் சிங்கத்தின் குரலையும் பெண் சிங்கத்தின் குரலையும் வேறுபடுத்தி உணர்ந்து, ஆபத்து மிகுந்த ஆண் குரலுக்குத் தக்கவாறு கூட்டத்தை நெருங்கி நிற்கச் செய்வதில், அறுபது வயதைக் கடந்த தலைவியரே இளையோரைவிடச் சிறந்திருந்தனர். உடல் தளர்ந்த பருவத்தில் அவர்களின் செவியும் நினைவுமே கூட்டத்திற்குக் காவலாக நின்றன. வீட்டில் முதியோர் இருப்பதைச் சுமையாகக் கருதும் இக்காலத்தவர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இதுவரை கூறியதைக் கேட்டு, "யானை தாவர உணவு கொள்வது, ஆதலால் அகிம்சை வழி நிற்பது, எனவே அதுவே உயர்ந்தது" என்று நம் அன்பர்கள் சிலர் மகிழக்கூடும். அவ்வளவு எளிதாக முடித்துவிடலாகாது. தென்னாப்பிரிக்காவில் பிலானெஸ்பெர்க் என்றொரு காப்பகம் உண்டு. க்ரூகர் காப்பகத்தில் யானைகளின் தொகையைக் குறைப்பதற்காகப் பெரிய யானைகளைக் கொன்றபோது, அனாதையான கன்றுகளைக் கொண்டுவந்து இங்கு விட்டனர். மூத்தோர் எவருமின்றி வளர்ந்த அவ்விளம் ஆண் யானைகள், உரிய வயதுக்கு முன்பே மதம் கொண்டு, 1992 முதல் 1997 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. உண்பதற்காக அன்று; காரணமே இல்லாமல். இதனைத் தடுத்தது துப்பாக்கியும் அன்று, வேலியும் அன்று. 1998இல் க்ரூகரிலிருந்து ஆறு முதிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து அங்கு விட்டனர். அவற்றின் முன்னிலையில் இளையவற்றின் மதம் தணிந்தது, கொலைகளும் நின்றன.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. தழை உண்பதாலேயே ஓர் உயிர் கொல்லாமையை எய்திவிடுவதில்லை. இலையில் இடப்படும் உணவு தூயதாக இருந்தும் சொல்லிலும் சினத்திலும் பிறரைக் குத்துகின்ற மனிதர் எத்தனை பேர்! இரண்டாவது பாடம், அச்சுறுத்தாமலே அடங்கச் செய்யும் ஒரு தலைமை உண்டு என்பது. அந்த ஆறு யானைகளும் இளையவற்றைக் கொன்று திருத்தவில்லை. தாம் இருப்பதாலேயே அவற்றை நெறிப்படுத்தின.

நம் புராணங்கள் இவ்வுண்மையை முன்னரே உணர்த்தியுள்ளன. பார்சுவநாதரின் முற்பிறவி ஒன்றில், மருபூதி என்பவர் தம் உடன்பிறந்த கமடனால் கொல்லப்பட்டு யானையாகப் பிறந்தார். அந்த யானை சினம் மிகுந்து, காட்டு வழியே வந்த வணிகக் கூட்டத்தைத் தாக்கியது. அங்கிருந்த அரவிந்த முனிவரைக் கண்டதும் சினம் தணிந்து, முற்பிறவி உணர்ந்து, இல்லறத்தார்க்குரிய விரதங்களை ஏற்றது. அதன்பின் உதிர்ந்த சருகுகளையே உண்டு, பிற விலங்குகள் கலக்கிய நீரையே பருகி வாழ்ந்தது. மகாவீரரின் ஆன்மாவோ ஒரு பிறவியில் சிங்கமாக இருந்தது. மானை அடித்து நின்ற வேளையில் சாரண முனிவர் இருவர் வான்வழி வந்து அறம் உரைத்தனர். கேட்ட சிங்கம் கண்ணீர் உகுத்தது; கொலையை விட்டது; ஊன் அன்றி வேறு உணவு தனக்கு இயலாமையால் உணவையே துறந்து உயிர் நீத்தது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தழை உண்ட யானைக்கும் விரதம் தேவைப்பட்டது. ஊன் உண்ட சிங்கத்துக்கும் கதவு அடைபடவில்லை. பிறப்பால் வந்த இயல்பு வேறு, அறிந்து மேற்கொள்ளும் ஒழுக்கம் வேறு. காட்டில் மானைப் பிடிக்கும் சிங்கத்தைப் பாவி என்று நாம் கூறுவதில்லை; அதற்கு வேறு வழி இல்லை. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, ஆறாவதாக மனத்தைக் கூறி, அதனை மக்களுக்கு உரியதாக்கியது. விலங்குகளுள்ளும் சிலவற்றுக்கு அவ்வறிவு உண்டு என்று கொண்டு, யானையையும் உரையாசிரியர் அவற்றுள் சேர்த்தனர். அறிவு மிகுந்தவர்க்கே பொறுப்பும் மிகுதி. இங்கேதான் நம் வினா சிங்கத்தையும் யானையையும் விட்டு நம்மை நோக்கித் திரும்புகிறது.

க்ரூகர் பகுதியின் நீர்நிலைகளில் நிகழ்த்தப்பட்டு 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வைக் கேளுங்கள். மறைவான இடத்தில் ஒலிபெருக்கிகளை வைத்து, நீர் அருந்த வந்த விலங்குகளுக்குச் சில வேளை சிங்கத்தின் உறுமலையும், சில வேளை மனிதர் பேசும் குரலையும் ஒலிக்கச் செய்தனர். மனிதக் குரல் என்றால் கூச்சலோ மிரட்டலோ அன்று, சாதாரணமான உரையாடல். ஆய்வுக்கு உட்பட்ட விலங்கினங்களுள் நூற்றுக்கு 95 இனங்கள், சிங்கத்தைவிட மனிதக் குரலுக்கே மிகுதியாக அஞ்சி நீரை விட்டு ஓடின. சிங்க உறுமல் கேட்ட யானைகள் ஓடவில்லை. ஒலி வந்த திசையை நோக்கிச் சீறிச் சென்றனவும் உண்டு. அதே யானைகள் மனிதக் குரல் கேட்டு அகன்றன.

புல்வெளியின் உண்மையான ஆதிக்க விலங்கு எது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? அச்சமே தலைமைக்கு அளவுகோல் என்றால் அந்த மகுடம் சிங்கத்துக்கு உரியதன்று, நமக்கே உரியது. நாம் அமைதியாகப் பேசும் பேச்சே காட்டுயிருக்குக் கர்ச்சனையாகிவிட்டது. இதனைப் பெருமை என்று கொள்ள எந்த அறவோர்க்கும் மனம் வராது.

இது தொலைதூர ஆப்பிரிக்காவின் செய்தி மட்டும் அன்று. 2021 நவம்பரில் கோவை மாவட்டம் மதுக்கரையை அடுத்த நவக்கரையில், சென்னை நோக்கி வந்த விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. சிங்கம் எதிர்க்க அஞ்சும் உயிரை நம் பயணத்தின் வேகம் நொடியில் வீழ்த்தியது. ஆயினும் அங்கேயே 2024இல் இருப்புப் பாதையை ஒட்டிக் கேமராக்களை நிறுவி, யானை வருவதைக் கண்டறிந்து ரயில் ஓட்டுநர்க்கு முன்னறிவிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. நீலகிரியில் சீகூர்ப் பீடபூமியின் யானை வழித்தடத்தைக் காக்கும் உயர்நீதிமன்றத் தீர்ப்பினை 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. வலிமை உடையவன் தன் வலிமையைத் தானே அடக்கிக்கொண்டு, பிற உயிருக்கு வழிவிட இயலும் என்பதற்கு இவை சான்றுகள்.

இதற்கு நம் நெறி வைத்த பெயர் அபயதானம். உணவு, மருந்து, சாத்திரம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நான்கு தானங்களுள் இது ஒன்று. மற்ற மூன்றையும் வழங்கப் பொருளோ கல்வியோ வேண்டும். அஞ்சாமையை வழங்க அவை வேண்டா. ஆனால் வலிமை வேண்டும். பிறரை அச்சுறுத்த இயலாதவன் அபயம் அளித்தான் என்பதற்குப் பொருள் இல்லை. இயன்றும் செய்யாது விடுபவனே அத்தானத்தைச் செய்தவன். சமவசரணத்தில் விலங்குகளுக்கும் ஓர் அவை உண்டு. அங்கு சிங்கமும் யானையும் பகை மறந்து அமரும் என்று கூறுவர். அருகர் சிங்கம் தாங்கிய அரியணையின்மேல், அதனைத் தீண்டாமல் நான்கு விரற்கிடை உயர்ந்தே வீற்றிருப்பார் என்பதும் மரபு. அச்சத்தின் ஆசனத்தில் அமராத தலைமை அது.

காட்டுக்குச் செல்ல வாய்ப்பில்லாத நமக்கு இதில் என்ன பயன் என்று கேட்கலாம். நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஓரிடத்தில் வலியவரே. தந்தை வீட்டில் வலியவர். மாமியார் மருமகளிடம் வலியவர். ஆசிரியர் வகுப்பில் வலியவர். தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளர் தொழிலாளியிடம் வலியவர். நாம் நுழைந்தவுடன் அங்கு எழுந்த சிரிப்பு சட்டென்று அடங்குகிறதா, பேச்சு தொடர்கிறதா என்று கவனித்தால் போதும். நம் தலைமை எத்தகையது என்பது விளங்கிவிடும். அடங்கிய வகுப்பெல்லாம் கற்கும் வகுப்பு அன்று என்பதை நாற்பது பிள்ளைகளின் முன் நின்ற எவரும் அறிவர்.

ஆகவே, அடுத்த முறை பெயரனோ பெயர்த்தியோ "எது பெரிய விலங்கு?" என்று கேட்டால், விடை கூறுமுன் இன்னொரு வினாவை அக்குழந்தையிடம் கேட்போமாக: "யார் பக்கத்தில் இருந்தால் மற்றவர்க்குப் பயம் போகும்?" அக்குழந்தை சிந்திக்கட்டும். அதன் விடையில் நம் பெயரும் இடம்பெறுமாறு நாம் வாழ முயல்வோம்.