கேட்காதவர் கட்டும் வரி

சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்தில் வங்கிப் புத்தகத்தில் மிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். கொழும்பில் வேலை போய் பதுளைக்கே திரும்பிய பிறகுதான் ஒவ்வொரு பதிவும் கண்ணில் படுகிறது. வட்டி வந்த இடத்துக்குக் கீழேயே அதில் பத்தில் ஒரு பங்கு கழிந்திருக்கிறது. நிறுத்திவைத்தல் வரியாம்.

2023 ஜனவரியில் 5 சதவீதமாக இருந்த இந்தப் பிடிப்பு, 2025 ஏப்ரலில் 10 சதவீதமானது. அதே ஏப்ரலில் தனிநபருக்கான வரி விலக்கு வரம்பும் ஆண்டுக்கு 12 லட்சத்திலிருந்து 18 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம் வாங்குபவரிடம் வருமான வரியாக ஒரு சதமும் பிடிக்கமாட்டார்கள். பத்து லட்சத்தை 8 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டுவிட்டு வேலையில்லாமல் இருப்பவருக்கோ, வருஷத்துக்கு வரும் 80,000 ரூபாயில் 8,000 போய்விடும்.

சட்டத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. மொத்த வருமானம் வரம்புக்குள் இருந்தால் வங்கியில் சுயபிரகடனம் கொடுக்கலாம். கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். கேட்டவருக்கு விலக்கு, கேட்காதவருக்கு வரி. என்னை உறுத்துவது இதுதான். எனக்குப் படிவம் வாசிக்கத் தெரியும், கவுண்டரில் நின்று வாதாடவும் தெரியும். பசறையிலும் மடுல்சீமையிலும் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர்கள் என்ன செய்வார்கள்?

1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்தால், முப்பது வருஷத்துக்கு 567,000 ரூபாய். தோட்டத்தில் இதைச் 'சர்வீஸ் காசு' என்பார்கள். ஒரு ஆயுளின் உழைப்பு அது. அந்தக் காசை வைப்பில் போட்டிருந்த ஒரு அக்காவிடம், 'வட்டியில் வரி பிடிக்கிறார்கள்' என்றேன்.

"பிடிச்சா பிடிக்கட்டும் தம்பி. எங்களுக்கு எதுலதான் பிடிக்கல?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வரலாறே இருக்கிறது. சம்பளத் துண்டில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தேயிலைத்தூள், கோயில் பணம் என்று வரிசையாகப் பிடிப்புகள் இருக்கும். கையில் வருவது மீதி. ஏன் பிடித்தீர்கள் என்று, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கேட்டவருக்கு என்ன கிடைக்கும் என்பதை ஊரறியும். அப்படிப் பழகியவர்களின் மௌனத்தைத்தான் இன்று வங்கிக் கணினி சம்மதமாக எடுத்துக்கொள்கிறது.

வரி கட்டக் கூடாது என்பது என் வாதமல்ல. சவர்க்காரம் வாங்கும்போது 18 சதவீத வற் வரியை வேலையில்லாதவரும்தான் கட்டுகிறார். 1948இல் தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்த பிறகும், அவர்கள் பறித்த தேயிலையின் மீதான ஏற்றுமதி வரியை அரசு வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுத்துக் கொடுத்தே வந்தவர்களிடம், கொடுக்க வேண்டியதில்லாததையும் எடுத்துக்கொண்டு, வேண்டுமானால் வந்து கேளுங்கள் என்பது நியாயமாகாது.

வைப்பு திறக்கும்போதே, 'உங்களுக்கு வேறு வருமானம் உண்டா?' என்று தமிழில் கேட்டு, அங்கேயே படிவத்தை நிரப்பிக் கொடுப்பது வங்கியின் கடமையாக வேண்டும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. ஆகவே தமிழில் கேட்பது சலுகை அல்ல. அதுவரை, படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. வரி ஆண்டு ஏப்ரல் 1இல் பிறக்கிறது. அன்று வீட்டுப் பெரியவர்களின் வங்கிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்து லயத்தாரின் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். படிவத்தை நிரப்பி, கூடவே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.