மூன்று மணி நேரம்தானே!

சென்னைக்கும் டில்லிக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், எதில் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ரயில் பாதை ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். கிருஷ்ணை, கோதாவரி, நர்மதை, சம்பல் என்று ஆறுகளைத் தாண்டிக்கொண்டு, இரண்டு இரவும் ஒரு பகலும் போக வேண்டும். ஆகாயத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 1,760 கிலோமீட்டர். மூன்று மணிக்குள் முடிந்துவிடும். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் பறக்கிற விமானத்துக்கு இதுவே அதிகம். தரையில் ஊர்வதற்கும், ஏறுவதற்கும், இறங்குவதற்கும் மீதி நேரம் செலவாகிறது.

தூரம் இப்படிச் சுருங்கும்போது மனிதனுடைய கடமை பெருகுகிறதா? சில நாட்களாக என்னை விடாமல் குடையும் கேள்வி இது.

1994-இல் என் தாயார் சென்னையில் காலமானாள். டில்லியில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவுக்குத் தந்தி கொடுத்தோம். அன்றும் விமானம் இருந்தது. ஆனால் குமாஸ்தாக் குடும்பங்களுக்கு அது அண்ணாந்து பார்க்கிற பொருள். அன்றிரவே ரயிலேறிய அக்கா, மூன்றாம் நாள் காலையில் வந்து சேர்ந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "பாவம், அவ்வளவு தூரம்! அவள்தான் என்ன செய்வாள்?" என்றார்கள் உறவினர்கள். யாரும் குறை சொல்லவில்லை. அந்த நீண்ட தண்டவாளம் அவளுக்காகச் சாட்சி சொல்லிற்று.

சென்ற ஆண்டு அதே அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். "வருகிறேன் அக்கா, மூன்று மணி நேரம்தானே!" என்று தொலைபேசியில் சொன்னேன். அடுத்த வாரமும் சொன்னேன். நான்கு மாதம் ஓடிற்று. தொடர்கதை, ஒரு கல்யாணம், பிறகு டில்லிப் பனிமூட்டம் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ரயில் மட்டுமே கதியாயிருந்த காலத்தில், ஒரு வாரம் விடுப்பு எடுத்து, கட்டுச்சோறு கட்டி இரண்டு முறை அவளைப் பார்க்கப் போனவன்தான் நான்!

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "கடமை பெருகவில்லை ஐயா, உம்முடைய சாக்குத்தான் போய்விட்டது" என்றார். பாதிதான் ஒப்புக்கொள்வேன். பழைய சாக்குப் போன இடத்தில், 'எப்போது வேண்டுமானாலும் போகலாம்' என்ற புதுச் சாக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பழையதிலாவது ஓர் உண்மை இருந்தது.

டில்லியில் வீட்டுவேலை செய்து பிழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இன்றும் சொந்த ஊர் இரண்டு இரவுத் தொலைவில்தான் இருக்கிறது. விமானக் கட்டணம் கைக்கு எட்டாத அவர்களிடம் போய், தாய் சாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் எழாது. என்னிடம் யாரேனும் கேட்டால், கடிகாரத்தைக் காட்டித் தப்ப முடியாது.

அக்கா கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை பேசியபோது, "சாவகாசமாய் வாடா தம்பி, மூன்று மணி நேரம்தானே!" என்றாள். கேலியா, சமாதானமா? அவள் குரலிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை காலை விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். அக்காவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் வேண்டுமாம். ஜாடி வேண்டாம், எண்ணெய் கசியாத டப்பாவாகப் பார் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.