கொடுக்கும்போது தனதாகும் செல்வம்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ரயில் ஆரம்பாக்கத்தைக் கடந்ததும் ஆந்திர மண்ணில் நுழைகிறது. தடாவைத் தாண்டினால் சிறிது நேரத்தில் சூளூர்பேட்டை. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்குச் செல்பவர்கள் இறங்கும் ஊர் இது. தமிழும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் கலந்து ஒலிக்கும் எல்லைப் பகுதி. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022-இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. காளங்கி நதிக்கரையில் கோயில் கொண்டுள்ள செங்காளம்மாவின் சந்நிதி இரவும் பகலும் அடைக்கப்படுவதில்லை என்பர்.

இந்த வட்டாரத்திற்குச் சமய வரலாற்றில் மற்றோர் அத்தியாயமும் உண்டு. 1865-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த ஆகஸ்ட் மிலியுஸ், அருகிலுள்ள நாயுடுபேட்டையில் கிறிஸ்தவப் பணியைத் தொடங்கினார். சூளூர்பேட்டையும் அம்மிஷனின் தொடக்ககால நிலையங்களுள் ஒன்றாயிற்று. பின்னர் முதல் உலகப் போர் மூண்டது. ஆங்கிலேயரின் ஆட்சியில் ஜெர்மானியர் பகைநாட்டவர் ஆனார்கள். அவர்களால் பணியைத் தொடர இயலவில்லை. அமெரிக்க லூத்தரன்கள் அப்பொறுப்பை ஏற்றனர். நாளடைவில் அது திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லூத்தரன் திருச்சபையாக வளர்ந்தது.

இவ்வரலாற்றில் சிந்தனைக்குரிய ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. பிறர் கொண்டுவந்து தந்த விசுவாசம், தந்தவர் சென்ற பிறகும் ஒருவனுக்குச் சொந்தமாக இருப்பது எவ்வாறு? இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. பெற்றோரிடமிருந்து பெற்ற பெயர், நெற்றியில் இட்டுக்கொள்ளும் சின்னம், பழக்கத்தால் செய்யும் பூஜை ஆகியவை உண்மையில் எப்போது நம்முடையவை ஆகின்றன?

தமிழர் ஒருவர் தெலுங்கு நாட்டில் வாழ்ந்து காட்டிய விடை இதற்கு உண்டு.

வெள்ளாளன்விளையிலிருந்து தோர்ணக்கல் வரை

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை அவ்வூரின் குருவானவர். இளமையில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலராகத் தென்னிந்தியாவெங்கும் பயணம் செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பொருளைக் கொண்டே பிற இடத்தில் ஊழியம் நடத்துவதைக் கண்டார். அது அவருடைய மனத்தைத் தைத்தது. திருநெல்வேலித் திருச்சபை வயதில் மூத்தது, எண்ணிக்கையில் பெரியது. ஆயினும் வெளிநாட்டார் கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளும் சபையாகவே இருந்தது. பெறுவது மட்டுமே பழக்கமான சபை எப்படித் தன்னை அறியும் என்று அவர் எண்ணினார்.

1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியரே ஊழியர், இந்தியரே பொருள் தருபவர், இந்தியரே நிர்வகிப்பவர் என்பது அதன் நெறி. 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்ததிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் இருப்பது அவருக்கு ஒவ்வவில்லை. முப்பது வயதைக் கடந்த பின் தெலுங்கு கற்று, 1909-இல் நிஜாமின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியராகச் சென்றார். 1912-இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

தலைமேல் வைத்த கை

தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுள் பெரும்பாலோர் மாலர், மாதிகர் வகுப்பைச் சேர்ந்த ஏழைகள், எழுத்தறியாதவர்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். அசரியா அவர்களுக்கு ஒரு வழக்கத்தைக் கற்பித்தார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்துக்கொண்டு, தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும், நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்றும் கூற வேண்டும். இரண்டாம் பகுதி புனித பவுலின் உள்ளத்திலிருந்து எழுந்தது.

இதில் ஒரு நுட்பம் உள்ளது. ‘நான் யார்’ என்பதும் ‘நான் எதற்காக’ என்பதும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. காலங்காலமாகப் பிறர் இட்ட பெயரால் அழைக்கப்பட்டு, பிறர் தருவதற்காகக் கை நீட்டி நின்ற மனிதர், முதன்முறையாகத் தம்மிடம் கொடுக்கத்தக்க ஒன்று இருப்பதாக உணர்கிறார். அந்த உணர்வே அவருடைய புதிய அடையாளம். கொடுக்க ஒன்றுமில்லாதவன் என்று உலகம் கருதியவனிடம், ‘நீ கொடுக்காவிட்டால் கேடு’ என்று சொல்வதைவிட உயர்ந்த மரியாதை ஏது?

திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தை இங்கே நினைவுகூரலாம். குருவிடம் பெற்ற மந்திரத்தை வெளியிட்டால் நரகம் கிட்டும் என்று அறிந்தும், அனைவரும் உய்யட்டும் என்று உரக்கச் சொன்னார் ராமானுஜர் என்கிறது வைணவ மரபு. ஒருவருக்குச் சொல்லாவிட்டால் கேடு. மற்றவருக்குச் சொன்னால் கேடு. அச்சங்கள் நேர் எதிரானவை. எனினும் இருவருக்கும் உள்ளத்தில் ஊறிய அன்பு ஒன்றே: பெற்றதைத் தனியே வைத்துக்கொள்ள இயலாத அன்பு. தைத்திரீய உபநிஷதமும் சத்தியம், தவம், விருந்தோம்பல் என ஒவ்வொரு கடமையுடனும் கற்றலையும் கற்பித்தலையும் சேர்த்தே வைக்கிறது.

பகிர்தல் எங்கே வாணிபமாகிறது?

அன்பர்களே, இங்கே ஒரு கடினமான இடத்தைத் தாண்டிச் செல்லாமல் நின்று பார்க்க வேண்டும். பகிர்தல் என்ற பெயரில் பிறரை இழிவுபடுத்துவதும், துன்பத்தில் இருப்பவரை ஆசைகாட்டி இழுப்பதும் நடக்கக்கூடும். 1930-களில் காந்தியடிகள் ‘ஹரிஜன்’ இதழில் மதமாற்றப் பணியைக் கடுமையாக விமர்சித்தார். அசரியா அதை ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டவனும் ஆன்ம வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை உள்ளவன் என்பது அவர் நிலை. இரு பெரியோர்களின் கருத்து வேறுபாடு தீராமலே நின்றது. நாமும் அதை எளிதில் தீர்த்துவிட முடியாது.

ஆனால் அசரியா தமக்குத் தாமே விதித்துக்கொண்ட எல்லைகளைக் காணலாம். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தேர்தல் தொகுதிகள் அளிக்கப்படுவதை அவர் எதிர்த்தார். திருச்சபை ஓர் அரசியல் கூட்டமாகிவிட்டால் அதன் சாட்சியம் கெட்டுவிடும் என்று கருதினார். எண்ணிக்கையால் சலுகை பெறும் வாய்ப்பு வந்தபோது வேண்டாம் என்று சொன்னவரின் பகிர்தலை வாணிபம் என்று எவ்வாறு கூறுவது? 1910-இல் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிகளின் தியாகங்களை நன்றியுடன் எடுத்துரைத்துவிட்டு, அவர்களிடம் அவர் வேண்டிக்கொண்டது நட்பு ஒன்றையே. தரம் தாழ்த்திப் பார்ப்பவர் எதைக் கொடுத்தாலும் அது பிச்சை. சமமாக அமர்ந்து தருவதே பகிர்தல்.

1939-இல் தோர்ணக்கல்லில் பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயம் இதையே கல்லில் காட்டுகிறது. கோயில் மண்டபத்தின் தூண்களும் இஸ்லாமியக் கட்டடக் கலையின் கும்மட்டங்களும் அங்கே இணைந்து நிற்கின்றன. 1945 ஜனவரி முதல் நாள் மறைந்த அசரியா அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கு உரியது

தென்னாட்டுத் திருச்சபைகளில் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவனுக்கென எடுத்துவைக்கும் பெண்கள் உண்டு. காஞ்சி மகாபெரியவரும் பிடி அரிசித் திட்டத்தை வற்புறுத்தினார். நிறைந்த பிறகு கொடுப்பதன்று இது. உலையில் இடுவதற்கு முன்பே எடுத்துவைப்பது. ஆன்மிக வாழ்வும் அத்தகையதே. ‘முழுமையாக உணர்ந்தபின் பிறருக்குச் சொல்வேன்’ என்று காத்திருப்பவனுக்கு அந்த நாள் வருவதில்லை. தனக்குக் கிடைத்த சிறு அமைதியை நோயுற்ற அண்டைவீட்டாரின் அருகில் அமர்ந்து பகிர்ந்துகொள்பவனுக்கு அது பெருகுகிறது.

நாம் எந்த மார்க்கத்தைப் பின்பற்றினாலும், இன்றிரவு பிரார்த்தனைக்குப் பின் நம் கையை நம் தலைமேல் வைத்துக் கேட்டுக்கொள்வோம்: ‘நான் பெற்றது எது? அதை யாருக்கு, எவ்விதப் பெருமையும் இன்றி, நண்பனாக அளித்தேன்?’ விடை சொல்ல முடியாவிட்டால் வருந்த வேண்டாம். நாளைக்குச் சமைக்கும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைத்துத் தொடங்குவோம். கொடுக்கும் மனத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!