இரண்டாவது கையெழுத்து

எடை குறைக்க இரைப்பையின் மேற்பகுதியில் மாட்டும் சிலிக்கோன் வளையம் வழுகலாம். இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே இறங்கலாம். மறு அறுவையில், பழைய தழும்புகள் ஒட்டிக்கிடப்பதால் கிழிசலும் கசிவும் முதல்முறையைவிட எளிதில் நேரும். அப்போதும் பழி நம்மேல்தான்: "நீ வாயைக் கட்டலையே!" கருவி பிசகினால் பெண் எப்படிக் குற்றவாளி?

எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்து நாடார் பெண்கள் தோள்சீலைக்காக அடிபட்டவர்கள். 1859-இல் திருவிதாங்கூர் அரசு இணங்கியபோதும், மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாதென்று நிபந்தனை வைத்தது. பெண்ணுடல் எப்படித் தெரியவேண்டுமென்று அடுத்தவர் தீர்மானிக்கும் அந்த வழக்கம், இன்று பெண்பார்க்கும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நீரிழிவுக்காகச் செய்துகொள்பவரை நான் குறைசொல்லவில்லை. இரண்டாம் முறை கையெழுத்திடுமுன் கேட்டுக்கொள்வோம்: இந்த ஆபத்து என் நோய்க்காகவா, அடுத்தவர் கண்ணுக்காகவா? வளையத்தைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்வதும் நம் உரிமை.