மார்க்குக்காகச் செய்யும் சேவை புண்ணியமாகுமா?



கலாசாலையிற் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி எழும்பாமலிராது. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி, 37 சர்வகலாசாலைகளில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அதிற் சேர்ந்த மாணவன் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பொதுச்சேவை செய்யவேண்டும். ஏழு நாள் முகாமுக்கும் போகவேண்டும். சென்னைச் சர்வகலாசாலையின் இளங்கலைப் படிப்பில் இத்தகைய வெளிப்பணிக்கென்று ஒரு கிரெடிட்டும் உண்டு. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்திலிருந்து குடிவந்த நாள்முதல் தாம்பரம் மாணவர்களின் ஊராயிருப்பதால், ஏரிக்கரையில் குப்பை பொறுக்கும் பிள்ளைகளை நாம் அடிக்கடி காண்கிறோம்.

வீட்டில் நடக்கும் பேச்சோ வேறு. "கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரத்தோடு வந்துவிடு" என்கிறாள் தாய். "மார்க்குக்குச் செய்வது சேவையா? அது கூலி வேலை" என்கிறார் தாத்தா.

தாத்தாவின் பேச்சைத் தள்ளிவிட முடியாது. மனிதர் காணவேண்டுமென்று தர்மஞ் செய்பவர்கள் தங்கள் சம்பாவனையை அடைந்து தீர்த்தார்கள் என்று நம் ஆண்டவரே எச்சரித்திருக்கிறார். நம் கண்முன் நடந்ததும் தாத்தாவின் பக்கமே சாட்சி சொல்லுகிறது. 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி தொடங்கி மறுநாட் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. அன்று கழுத்தளவு தண்ணீரில் கிழவர்களைத் தோளில் தூக்கி வந்த வாலிபர்களுக்கு யார் வருகைப் பதிவு எடுத்தார்கள்? எந்தக் கிரெடிட்டுக்காகச் சோற்றுப் பொட்டலம் கட்டினார்கள்?

உண்மைதான். ஆனால் வெள்ளம் வடிந்துபோகும். அடுத்த கோடையில் அதே கால்வாயில் பிளாஸ்டிக் அடைத்துக் கிடக்கும்போது, அதைக் கவனிக்க ஆள் வேண்டுமே! ஆபத்தில் கிளர்ந்தெழும் இரக்கம் நல்லதாயினும், அது மட்டும் புண்ணியமாகாது. புண்ணியமாவது ஒரு நாளின் நற்செயலல்ல, நற்செயலை எளிதாயும் சந்தோஷமாயும் செய்யும்படி ஆத்துமத்தில் ஊன்றிய பழக்கமே என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதிக்கிறார். பழக்கம் உண்டாக வேண்டுமானால் முதலில் யாராவது பழக்க வேண்டும். மழலைக் குழந்தையின் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரையச் செய்கிறோமே, அது அர்த்தம் தெரிந்தா வரைகிறது?

சிறுவயதில் கற்ற ஞானோபதேசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வேசுரனை அனைத்திற்கும் மேலாகச் சிநேகிப்பதினால் பிறப்பது உத்தம மனஸ்தாபம். நரகத்துக்கு அஞ்சிப் பிறக்கும் மனஸ்தாபம் அதற்குத் தாழ்ந்தது. இந்தத் தாழ்ந்த மனஸ்தாபம் மனிதனை வேஷக்காரனாக்கும் என்று சிலர் வாதித்தபோது, திரிதெந்தின் பொதுச்சங்கம் 1551-ல் அதை மறுத்தது. அதுவும் தேவ வரமே, பாவசங்கீர்த்தனத்தில் வரப்பிரசாதம் பெற மனிதனை அது ஆயத்தப்படுத்துகிறது என்று தீர்ப்புச் சொல்லிற்று. பயத்தோடு படியேறி வருகிறவனையே திருச்சபை துரத்தாதபோது, மார்க்குக்காகக் கடப்பாரை பிடிக்கும் பையனை நாம் ஏன் பரிகசிக்க வேண்டும்?

ஆயினும் பொறுக்கத்தகாத ஒன்று உண்டு. முதியோர் இல்லத்து வாசலில் பஸ் வந்து நிற்கிறது. ரொட்டியும் வாழைப்பழமும் கொடுக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், பஸ் போய்விடுகிறது. "மறுபடி எப்போ வருவே கண்ணு?" என்று ஒரு கிழவி கேட்டிருப்பாள். வருகிறேன் என்று தலையசைத்த பெண்ணும் அவளை மறந்திருப்பாள். இங்கே குற்றம் மார்க்கு வாங்கியதல்ல. சர்வேசுரனின் சாயலாகப் படைக்கப்பட்ட ஒருத்தி, இன்னொருவருடைய பாடத்துக்கு உபகரணமாய்ப் போனாள். அவளுக்குக் கொடுத்த வாக்கும் பொய்யாயிற்று. இதைப் பிறர்சிநேகக் குறைவு என்பதைவிட நீதிக் குறைவு என்பதே பொருத்தம்.

இதற்கு மாறான ஓர் உதாரணம் நம் கைக்கருகிலேயே இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபை என்றதும் நரைத்த தலைகளும் உண்டியற் பெட்டியுமே நம் ஞாபகத்துக்கு வரும். அதைத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? பாரிஸ் சர்வகலாசாலை மாணவர்கள்! அவர்களில் முதன்மையான பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது வயது 20. உங்கள் திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்தது சரி, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு விவாத மன்றத்தில் எதிர்க்கட்சியார் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. 1833 ஏப்ரல் 23-ந் தேதி சில மாணவர்கள், பத்திரிகையாசிரியர் பாய்யி என்பவரோடு கூடிச் சபையைத் தொடங்கினார்கள். ஏழைகளிடையே நெடுநாள் உழைத்த ரொசாலி என்னும் கன்னிகை, எந்தெந்த வீட்டுக்குப் போகவேண்டுமென்று அவர்களுக்குக் காட்டினார்.

கவனியுங்கள்: அவர்களை எழுப்பிவிட்டதில் ரோஷத்துக்கும் பங்கிருந்தது. மார்க்கைவிட ரோஷம் எவ்வளவு மேலானது? ஆனால் அவர்கள் பட்டியல் எழுதிக்கொண்டு திரும்பிவிடவில்லை. ஏழைகளை அவரவர் வீட்டிலேயே போய்ச் சந்திப்பதும், மறுபடியும் போவதும் சபையின் வழக்கமாயிற்று. வீட்டுக்குள் போனபின் அவ்வீட்டாரின் பெயர் தெரியும், நோய் தெரியும், வாடகை பாக்கி தெரியும். அப்புறம் ரோஷம் யாருக்கு ஞாபகமிருக்கும்? பாப்பரசர் 2-ம் அருளப்பர் சின்னப்பர் 1997-ல் ஓசானாமை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

ஆகையால் பெற்றோரே, 240 மணி நேரத்தைக் குறைக்க உபாயம் தேடாதேயுங்கள். பெண்பிள்ளையென்று முகாமுக்குத் தடை சொல்லுமுன், பொறுப்பாசிரியரிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். மாலையில் பிள்ளை திரும்பி வந்ததும் எத்தனை மணி நேரம் ஏறிற்று என்று கேட்பதற்குப் பதிலாக, யாரைப் பார்த்தாய், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர் தெரியவில்லையென்றால் அடுத்த வாரம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கூடுகிறது. சந்திக்க வேண்டிய வீடுகள் பதினொன்று. அங்கத்தினர் ஆறு பேரில் இளையவருக்கு வயது 58. அவருக்கும் மாடிப்படி ஏற முழங்கால் இடங்கொடுப்பதில்லை.