மூலக் கட்டுரையைத் திற!

ஆய்வுக் கட்டுரையைத் திறந்த வேகத்தில் மூடிவிடுகிறாயே, எதைக் கண்டு மிரண்டாய்? இரண்டு பத்தி ஆங்கிலத்தையா, நாலு கிரேக்க எழுத்துகளையா? நெட்வொர்க்கிங் கற்க வந்துவிட்டு, தேர்வு வினா-விடை டம்ப்பை மனப்பாடம் செய்து, சான்றிதழை ஃபைலில் செருகிக்கொண்டால் போதுமா? "டிசிபி ஏன் மெதுவாகத் தொடங்குகிறது?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் எந்த டம்ப் வந்து உன்னைக் காப்பாற்றும்?

அந்தக் கேள்விக்கு விடை எழுதியவரிடமே போ! 1986 அக்டோபர். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வெறும் 400 கஜம். நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு திடீரென 40 பிட்டில் வந்து படுத்தது. கம்பி அறுபடவில்லை. கணினிகள் எடுத்த எடுப்பிலேயே பாக்கெட்டுகளை அள்ளிக் கொட்டின. நெரிசலில் சிக்கியவற்றைத் தொலைந்தவையாக எண்ணி மறுபடியும் அனுப்பின. நெரிசல் இன்னும் முற்றியது. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் உபகரணத்தைத் திட்டவில்லை. தவறு நம் டிசிபியிலேயே இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது! முதலில் ஒரே ஒரு பாக்கெட், பதில் வர வர இரண்டு, நான்கு, எட்டு, தொலைந்தால் பின்வாங்கு. 1988இல் அவர் எழுதிய கட்டுரையின் உயிர் இதுதான். இதில் உனக்குப் புரியாதது எது?

புரியாத கணிதம் வரும். வரட்டும், தாண்டிப் போ! ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது என்று கணினி ஆய்வாளர் கேசவ் 2007இல் இரண்டே பக்கத்தில் எழுதியிருக்கிறார். முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை: பத்து நிமிடம். இரண்டாம் சுற்றில் வரைபடங்களை உற்றுப் பார், நிரூபணங்களை விட்டுவிடு. மூன்றாவதில்தான் வேலை: அந்த ஆய்வை உன் மனத்தில் நீயே மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும். புதியவருக்கு இதற்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும் என்கிறார் அவர். ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்குத் தருகிற நேரத்தை உன் எதிர்காலத்துக்குத் தரமாட்டாயா?

அச்சில் வந்துவிட்டது என்பதற்காகக் கைகட்டி நிற்கவும் வேண்டாம். 1988இல் பாக்கெட் இழப்பை நெரிசலின் அடையாளமாகக் கொண்ட அதே ஜேக்கப்சன், 2016இல் கூகுள் சகாக்களோடு பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை பற்றிக் கட்டுரை எழுதி, அந்த அடையாளம் இனி போதாது என்று வாதிட்டார். தான் எழுதியதையே அவர் கேள்வி கேட்கிறார். நீ ஏன் தயங்குகிறாய்?

இன்றிரவே லினக்ஸைத் திற. அதிலுள்ள நெட்எம் கருவியைக் கொண்டு நூற்றில் ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே தொலை. பெரிய கோப்பு ஒன்றை அனுப்பி, நெரிசல் சாளரம், அதாவது பதில் வருமுன் டிசிபி அனுப்பத் துணியும் அளவு, எப்படிச் சரிகிறது என்று பார். 1988 கட்டுரை பாதியாகக் குறை என்கிறது. உன் திரையிலோ ஏறத்தாழ 30 சதவீதம்தான் குறையும். கட்டுரை பொய்யா? இல்லை, லினக்ஸில் வழக்கமாக ஓடுவது கியூபிக் என்ற வேறொரு நெரிசல் கட்டுப்பாட்டு முறை. ஏன் இந்த மாற்றம் என்று அறிய மனம் துறுதுறுக்கிறதா? கியூபிக்குக்கும் ஒரு கட்டுரை உண்டு, 2008இல் வந்தது. எடு அதை!